ஆறு எண் கேட்காத சாப்ட்வேர்

சோளக்காடு, கொல்லிமலை
வியாழக்கிழமை

அன்புள்ள பூங்குழலிக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் இரண்டு மாடும் சுகம். அங்கே நியூசிலாந்தில் நீ சுகமாக இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், இரண்டாவதில் எனக்குச் சந்தேகம்தான். மழை விட்டு மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது, குரங்குகளும் அதே அளவு நன்றாக இருக்கின்றன. லேப்டாப்பில் இருக்கும் ஆபீஸ் சாப்ட்வேருக்கு வருஷம் முடியப் போகிறது, மறுபடி காசு கட்டட்டுமா, இல்லை இலவசமாகக் கிடைப்பதையே போட்டுக்கொள்கிறீர்களா என்று நீ மெசேஜ் போட்டு ஒரு மாதமாகிறது. பதில் சொல்ல இத்தனை நாளா என்று கேட்பாய். உன் அப்பாவோடு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு ஒரு மாதம் என்பது அவசர முடிவு.

நீ கேட்ட அன்றே அவர், காசு கட்டுறதுதான் வேணும், அது புள்ள வாங்கிக் குடுத்தது, இலவசமாக் குடுக்கறவன் பின்னாடி எதையாச்சும் கேப்பான் என்று பிடித்த பிடியில் நின்றார். நான் விடுவேனா. அரசாங்கம் கொடுத்த இலவச மிக்சியில்தான் பூங்குழலி காலேஜ் போகிற வரைக்கும் சட்னி அரைத்தேன், அது இன்னும் ஓடுகிறது, நீங்கள் காசு கொடுத்து வாங்கின மிக்சி பரண்மேல் கிடக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் நம் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கும் நவநீதகிருஷ்ணன் சாரை வரவழைத்தேன். கரூர்ப் பக்கத்துக்காரர், நல்ல பிள்ளை, எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார். நமக்குத்தான் பலா மரத்தடியை விட்டால் சிக்னல் கிடையாதே, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அரை மணியில் இலவசத்தை இறக்கிவிட்டார். உன் அப்பா பக்கத்திலேயே நின்று, இதைச் செஞ்சவங்க அட்ரஸ் குடுங்க சார், சும்மா வாங்கிக்கறது நமக்குப் பழக்கமில்லீங்க, ஒரு பலாப்பழமாவது அனுப்பிப் போடறேன் என்றார். அட்ரஸெல்லாம் இல்லீங்க ஐயா, பல நாட்டுல ஆயிரக்கணக்கான பேர் சேந்து செஞ்சது என்று சார் சொன்னதும் அண்ணாந்து மரத்தைப் பார்த்து, அப்பிடீன்னா இந்த ஒரு மரம் பத்தாதுங்களே என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

பிறகு இரண்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தன் மனுவைத் திறக்கச் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு போட்டுத் தரச் சொல்லி எழுதுகிறாரே, அந்த மனுதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாமக்கல் போய்க் கொடுப்பதாகச் சொல்லி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருத்துகிறார். இரண்டு வருஷத்தில் அது மலை இறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. இலவசத்தில் திறந்தபோது எழுத்து கொஞ்சம் பெரிதாகி, 'இப்படிக்கு காளியண்ணன்' மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், பாரு ருக்குமணி, என்னைத் தனியாக் கொண்டு போயி நிக்க வெச்சுருச்சு என்று குதித்தார். சார் எழுத்தைச் சிறிதாக்கி அவரை முதல் பக்கத்துக்கே கூட்டி வந்து சேர்த்தார். அதற்குப்பின் சொல்வதற்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை, சார் பழையதை எடுத்துவிட்டார். இந்தக் கடிதமும் அதில்தான் அடிக்கிறேன். ஒற்றை விரலால் மூன்று நாளாக அடிக்கிறேன், ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை.

ஆனால் கண்ணு, மக்கர் பண்ணாததுதான் இப்போது வில்லங்கம். பழையது ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்கள் யார் என்று கேட்கும், நீ உன் பெயரில் வாங்கியதால் ஆறு இலக்க எண் ஒன்று உன் போனுக்கு வரும், நீ உடனே கூப்பிட்டு அதைச் சொல்வாய். எண்ணைச் சொன்ன பிறகு சாப்பாடு, மழை, மாடு, உன் ஆபீஸ் என்று முக்கால் மணி நேரம் போகும். இந்த இலவசத்துக்கு யாரும் யாராகவும் இருக்கலாம், அது ஒன்றும் கேட்பதில்லை. அதனால் நாலு ஞாயிறாக உன் போனும் இல்லை. உனக்கு வேலை இருக்கும், குற்றம் சொல்லவில்லை, கொஞ்சம்தான் சொல்கிறேன். நாலு ஞாயிறும் அவர் பலா மரத்தடியில் லேப்டாப்பையும் போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன ஞாயிறு களி ஆறிப்போகும் வரைக்கும் எழுந்து வரவில்லை. என்னதான் ஆச்சு உங்களுக்கு என்று அதட்டியதும் உண்மை வந்தது. பழைய சாப்ட்வேர் தானாகக் கேட்கவே இல்லையாம், சனிக்கிழமை சாயங்காலம் இவரே அதில் லாக்-அவுட் பண்ணிவிட்டு வந்து படுத்துக்கொள்வாராம். நீ எட்டு என்று சொன்னால் வேண்டுமென்றே ஆறு என்று அடிப்பாராம், அப்போதுதானே இன்னொரு எண் வரும். அப்பாவுக்குக் காது சரியில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று நீ சொன்னாயே, சேந்தமங்கலம் வரை கூட்டிப்போய்க் காட்டினேனே, அந்தக் காதுக்கு ஒரு கேடும் இல்லை. நேராக் கூப்புடுன்னு சொன்னாப் புள்ளைக்குத் தொந்தரவு, அது கேட்டா வேலையாச்சே என்கிறார். எனக்குக் கோபம் வந்தது, பிறகு அழுகையும் வந்தது, இரண்டையும் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஆகவே என் முடிவு இது. காசு கட்டாதே, இலவசமே இருக்கட்டும். சாரிடம் கேட்டு அவருடைய மனுவுக்கு நானே பூட்டுப் போட்டுவிட்டேன், இனி ஆறு எண் அடித்தால்தான் திறக்கும். எங்கள் கல்யாணத் தேதிதான் அந்த எண். நாள், மாதம், வருஷம், இரண்டிரண்டாக. அவருக்கு அது எந்தக் காலத்திலும் ஞாபகம் வராது, பயப்படாதே. எண் உன்னிடம்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தை சார் உனக்கு மெயிலில் அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடுவார்.

எட்டுக்கை அம்மன் உன்னை நோய் நொடியில்லாமல் காப்பாற்றட்டும், தலைக்கு எண்ணெய் வை. ஞாயிற்றுக்கிழமை நம் நேரம் காலை பத்துக்கு மறக்காமல் கூப்பிட்டு எண்ணைச் சொல், மெசேஜில் போட்டுவிடாதே. முதல் இரண்டு தடவை தப்பாகவே சொல், சாமி. மூன்றாவது தடவை நான் பேசிக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கா. ருக்குமணி