முழங்கை நரம்புக்கு மறுக்கப்பட்ட ஸ்கேன்

அனுப்புநர்:
சூ. ரோஸ்லின், எம்.எஸ்சி., பி.எட்.,
இயற்பியல் விரிவுரையாளர்,
மாதா கோயில் தெரு, சின்னவேலிப்பாக்கம்,
பாகூர் கொம்யூன், புதுச்சேரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சுகாதாரத் துறை, புதுச்சேரி.

பொருள்: சின்னவேலிப்பாக்கம் அரசு மருத்துவமனையில் என் வலக்கை நரம்பை ஸ்கேன் செய்ய மறுத்தது – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது நாற்பத்தெட்டு. எட்டு மாதங்களாக என் வலக்கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து, மடங்கத் தொடங்கியுள்ளன. கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் நழுவுகிறது. மேற்படி மருத்துவமனையில் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்று எழுதி மாத்திரை தந்தார்கள். மூன்று சோதனைகளிலும் என் சர்க்கரை அளவு சரியாகவே இருந்தது. சீட்டில் எழுதியது மட்டும் மாறவில்லை.

2. நகரில் நரம்பு மருத்துவர் மின்சோதனை செய்தார். நரம்பு பழுதென்று அது சொன்னது. எங்கே, எதனால் என்று சொல்லவில்லை. முழங்கையில் நரம்பு நசுங்கியிருந்தால் அறுவை சிகிச்சை. தொழுநோய் போன்றவற்றால் தடித்திருந்தால் மருந்து. எது என்று அறிய நரம்பை ஒலியலை ஸ்கேன் செய்து பார்க்குமாறு எழுதித் தந்தார். நகரில் அதற்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும், உங்கள் ஊரிலேயே இயந்திரம் இருக்கிறது, தாமதித்தால் விரல்களின் வலு திரும்பாது என்றார். எதையும் எளிதில் நம்புகிறவள் அல்ல நான். ஆனால் ஒலியலைகளைப் பற்றி இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். இது நடக்கக்கூடிய காரியம்தான்.

3. 10.03.2026 செவ்வாயன்று ஸ்கேன் அறைக்குச் சென்றேன். உதவியாளர் திருமதி ருக்குமணி, கர்ப்பிணிகள் வரிசைக்கு முன்னால், "இன்னா டீச்சர், எத்தினி மாசம்? சொல்லவே இல்ல" என்றார். வரிசை சிரித்தது. அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. அவரிடம் இருப்பது ஒரே படிவம். கருவின் பாலினத்தைக் கேட்க மாட்டேன் என்ற உறுதிமொழியில் நானும் கையொப்பமிட்டேன். 'எத்தனையாவது மாதம்' என்ற இடத்தில் 'வலது முழங்கை' என்று எழுதினேன்.

4. மருத்துவர் திரு. ஜெயசீலன், இயந்திரம் கர்ப்பிணிகளுக்கென்றே பதிவானது, சட்டம் இடம் தராது என்று படிவத்தைத் திருப்பித் தந்தார். நரம்பைப் பார்ப்பதற்காகத் தோலில் வைக்கும் சிறிய ஸ்கேன் முனை (ப்ரோப்), வந்த உறையோடு, பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் அச்சட்டத்தை முழுவதும் படித்துவிட்டேன். முழங்கையைத் தடுக்கும் பிரிவு எதுவும் எனக்குத் தென்படவில்லை. இருந்தால் அதன் எண்ணை எழுத்தில் தாருங்கள்.

5. ஆகவே, பதினைந்து நாட்களுக்குள் அந்த உறையைப் பிரித்து என் நரம்பைப் பார்க்க உத்தரவிடுமாறு கேட்கிறேன். பார்க்கும்வரை என் சீட்டிலுள்ள 'சர்க்கரை' என்ற முடிவை நீக்க வேண்டும். ஸ்கேனில் தொழுநோய் என்று வந்தாலும் ஏற்றுக்கொள்வேன். மாத்திரையும் சாப்பிடுவேன், வகுப்புக்கும் போவேன். என்னவென்றே தெரியாமல் விரல்களை இழக்க மட்டும் சம்மதியேன். உத்தரவு வரும்வரை ஒவ்வொரு செவ்வாயும் அவ்வரிசையில் நிற்பேன்.

இடம்: சின்னவேலிப்பாக்கம்
நாள்: 16.03.2026

தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்நோக்கும்,
சூ. ரோஸ்லின்

குறிப்பு: மேலுள்ள கையொப்பம் என் வலக்கையால் இட்டது. என் அடையாள அட்டையிலுள்ள பழைய கையொப்பத்தோடு பொருந்தவில்லை என்று மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பொருந்தவில்லை என்பதுதான் என் புகார்.