திரௌபதியின் முதல் பார்வை

வியாழன், இரவு.

ஐம்பத்திரண்டு வயதில், சுவரில் இருந்த ஒரு படத்துக்குப் பயந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேன். வெளியே சொன்னால் தெருவே சிரிக்கும். எவன் விழுந்தாலும் முதலில் சிரிக்கிறவன் நானாச்சே.

திரௌபதி அம்மன் கோயில் சுவரில் துகிலுரியும் காட்சியை ஓவியர் முருகேசன் எழுதுகிறார். அம்மனுக்குக் கண்ணை மட்டும் கடைசியில், திரை கட்டிக்கொண்டு எழுதுவார்கள். முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும். ஆள்மேல் பட்டால் அவன் தாங்கமாட்டான் என்பார்கள்.

சாயங்காலம் போனபோது திரை தொங்கியது, முருகேசனைக் காணவில்லை. சேலைக்கு என்ன பார்டர் போட்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டால், தறிக்காரர்களிடம் ஒரு வாரம் வம்பு பேசலாமே! திரையை விலக்கினேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

ராத்திரி சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பார்வைதான் வருகிறது. வீட்டில் சொல்லவும் பயம். கடைசியில் முருகேசனுக்கே போன் போட்டு உண்மையைச் சொல்லி, பரிகாரம் உண்டா என்று கேட்டேன்.

விழுந்து விழுந்து சிரித்தார்.

“இன்னாண்ணே நீங்க! நாளைக்கு காலைலதான் நல்ல நேரம். கண்ணு இன்னும் எழுதவே இல்ல. அங்க வெறும் வெள்ளைதான் இருக்குது.”