இரண்டாக அறுத்த மேசை

பிப்ரவரி 4

அன்புள்ள கணவருக்கு,

ஸ்தோத்திரம். சமையலறையிலிருந்து மாடிக்குக் கடிதம் எழுதும் காலம் வருமென்று நான் எண்ணியதில்லை. சபை விலக்கிவைத்தவளோடு ஒரே மேசையில் உண்ணக் கூடாது, வீட்டுத் தேவைக்கு மேல் பேசக் கூடாது என்று மூப்பர் உங்களுக்கு விதித்திருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அந்த மறதிக்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்தினேன். பதில் இருந்தால் சர்க்கரை டப்பாவின் அடியில் வையுங்கள்.

என் குற்றம் நீங்கள் அறிந்ததுதான். காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு சூப் கொண்டுபோனேன். அதுவரை சபைக்கும் சம்மதம். "நீங்களும் சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்கும்" என்றாள். சாப்பிட்டேன். சபைக்கு வெளியே இருப்பவளோடு உண்டது பாவம், அதற்காக வருந்துகிறாயா என்று மூப்பர் கேட்டார். சூப்பில் உப்பு குறைந்துவிட்டது, அதற்கு மட்டும் வருந்துகிறேன் என்றேன். தாவரவியலில் பட்டம் வாங்கிய திமிர் என்று அவர் முடிவு கட்டினார்.

இப்போது மேசை விஷயத்துக்கு வருகிறேன். நேற்று வெளியே போய்த் திரும்பினால், நம் சாப்பாட்டு மேசை நடுவில் அறுபட்டு, இடையில் ஒரு சாண் விட்டு, இரண்டு மேசைகளாக நிற்கிறது. ஒரே மேசையில்தானே உண்ணக் கூடாது, ஒரே அறையில் உண்ணலாமே என்று கண்டிருக்கிறீர்கள். வரி அலுவலகத்தில் நீங்கள் கழித்த ஆண்டுகள் வீண்போகவில்லை. ஆனால் ரம்பத்தை உங்கள் கையில் கொடுத்தவர் யார்? என் பாதி ஒழுங்காக நிற்கிறது. உங்கள் பாதி, தட்டை வைத்தால் தலையாட்டுகிறது.

இப்படிக்கு,
விலக்கப்பட்டவளாயினும் உங்கள் மனைவி


பிப்ரவரி 7

அன்புள்ள மனைவிக்கு,

ஸ்தோத்திரம். மேசை ஆடுவது தரையின் கோளாறு. அறுத்த பக்கங்களுக்கு முட்டுக்கொடுக்க நேரான கால்கள் இரண்டுதான் கிடைத்தன, அவற்றை எங்கே பொருத்தினேன் என்பதை நீயே குனிந்து பார்த்துக்கொள்.

குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். இது வீட்டுத் தேவை. அடுத்தது அதில் சேருமா தெரியவில்லை: காலையில் எங்கே போகிறாய்? திரும்பும்போது தெருமுனையிலிருந்தே பாடிக்கொண்டு வருகிறாய். சபையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுகூட உன் பாட்டு எனக்குக் கேட்டதில்லை.

உன் கணவன்


மார்ச் 2

அன்புள்ள கணவருக்கு,

ஸ்தோத்திரம். குனிந்து பார்த்தேன். நிமிர நேரமாயிற்று, முதுகு மட்டும் அதற்குக் காரணமில்லை.

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிறேன், சம்பளமில்லாமல். படித்தவள் என்று முதலில் பதிவேடு எழுதச் சொன்னார்கள். உயிருள்ள மனிதர்கள் படுக்கப்போகும் துணியைத் தொடவே விருப்பம் என்றேன். ஒவ்வொரு விரிப்பையும் மடிக்கும்போது, யாரென்று தெரியாத அந்த நோயாளிக்காக ஒரு வரி ஜெபிக்கிறேன். தலையணை உறைக்கு அரை வரி. நாள் முடிவதற்குள் ஊரில் பாதிப்பேருக்காக வேண்டியாயிற்று. அவர்களில் ஒருவர்கூட நம் சபையாராக இருக்க மாட்டார்.

முதல்நாள் மதியம் ரொட்டிப் பொட்டலத்தோடு சுவரோரம் தனியே நின்றேன். பழக்கதோஷம். இஸ்திரி போடும் பெண் பெஞ்சில் நகர்ந்து, "டீச்சரம்மா, உக்காருங்க. நாங்க யாரும் கடிக்க மாட்டோம். எனக்குப் பல்லே நாலுதான் இருக்கு" என்றாள். உட்கார்ந்தேன். சாப்பிடுமுன் அவர்களே என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். சபையில் பெண்கள் வாய் திறந்து ஜெபிக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை வயதுக்குப் பிறகு அங்கேதான் என் ஜெபத்தை என் காதால் கேட்டேன். அப்படியொன்றும் மோசமில்லை. முடித்ததும் அவள், "நல்லா சுருக்கமா பேசுறீங்க, சாமிக்கும் வேலை இருக்கும்ல" என்றாள். திரும்பும் வழியெல்லாம் அதை நினைத்துச் சிரித்தேன். பிறகுதான் பாட்டு வந்தது.

வீட்டிலும் என் பாதியில் அமர்ந்து உரக்கவே ஜெபிக்கிறேன். நான் முடிக்கையில் உங்கள் உதடு அசைகிறது. சத்தம் மட்டும் வருவதில்லை. இன்னொன்று: ஒரு சாண் இருந்த இடைவெளி நான்கு விரலாகியிருக்கிறது. இதுவும் தரையின் கோளாறாகவே இருக்கும்.

உங்கள் மனைவி


மார்ச் 16

அன்புள்ள மனைவிக்கு,

ஸ்தோத்திரம். மூப்பர் கூப்பிட்டுப் பேசினார். இந்த மாதம் முடிவதற்குள் நான் இந்த வீட்டை விட்டு ஒரு சகோதரர் வீட்டு அறைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் என்னையும் விலக்குவார்கள்.

நீ கல்யாணமாகி வந்து சேர்ந்தவள். நான் அதற்குள்ளேயே பிறந்தவன். எனக்குத் தெரிந்த முகங்களெல்லாம் அங்கேதான். வெளியே வந்தால் என் தம்பிகூடத் தெருவில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வான். இன்னொரு பயமும் உண்டு, சொன்னால் சிரிப்பாய்: வெளியே வந்த பிறகு நான் ஜெபித்தால் கேட்க ஆள் இருக்குமா?

உன் கணவன்


மார்ச் 18

அன்புள்ள கணவருக்கு,

ஸ்தோத்திரம். சிரிக்கவில்லை.

வாருங்கள் என்றோ போங்கள் என்றோ நான் சொல்லமாட்டேன். உங்களுக்காக முடிவெடுக்க ஏற்கெனவே ஒரு மூப்பர் இருக்கிறார், இன்னொருவர் அதிகப்படி. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். நான் வெளியேறிய அன்று கர்த்தரை உள்ளேயே விட்டுவந்தேனோ என்று எனக்கும் நடுக்கம் இருந்தது. மறுநாள் காலை பாத்திரம் துலக்கும்போது வழக்கம்போலவே மனதுக்குள் பேசினேன், வழக்கம்போலவே இருந்தார். சலவைக்கூடத்தில் எனக்கு முன்பே வந்திருந்தார். சோப்புத்தண்ணீரில் அவருக்குக் கூச்சமில்லை.

தம்பியின் முகத்துக்கு ஈடாக என்னிடம் எதுவும் இல்லை. அதை மறைக்கமாட்டேன்.

போவதானால் வெந்நீர்ப் பையை எடுத்துப்போங்கள். உங்கள் பாதி மேசையையும்.

உங்கள் மனைவி


மார்ச் 29

அன்புள்ள மனைவிக்கு,

ஸ்தோத்திரம். இன்று நீ வேலைக்குப் போனபின் மூப்பர் வந்தார். என் பாதியில் தேநீர் வைத்தேன். முழங்கையை ஊன்றினார், மேசை சாய்ந்து, தேநீர் அவர் மடியில். நல்லவேளை, ஆறியிருந்தது. துடைத்துக்கொண்டே, "இத இன்னிக்கே அந்த ரூமுக்குத் தூக்கிட்டுப் போங்க" என்றார்.

"இது தனியா நிக்காதுங்க. அவ மேசையோட ஒட்டி வச்சாத்தான் நிக்கும்" என்றேன்.

"ஒரு தச்சனக் கூப்பிட்டா கால் மணி நேர வேலை."

"தெரியும். கூப்பிட மனசு வரலங்க."

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அப்போ உங்களயும் விலக்கினவங்கள்ல எழுதிடுறேன்" என்று எழுந்தார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். திரும்பி வந்து கொஞ்சம் அழுதேன், தம்பியை நினைத்து. பிறகு பயங்கரமாகப் பசித்தது. வெளியே வந்த முதல் ஜெபத்தைச் சொல்லாமல் சாப்பிட மனமில்லை. தனியாகச் சொல்லத் தைரியமுமில்லை. காத்திருக்கிறேன். சீக்கிரம் வா. நீயே ஜெபி. சுருக்கமாக.

உன் கணவன்


மார்ச் 30

அன்புள்ள கணவருக்கு,

ஸ்தோத்திரம். இது கடைசிக் கடிதம். இனி எதையும் முகத்துக்கு நேரே சொல்வேன், தயாராக இருங்கள். நேற்று உங்கள் ஆமென் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கிறது. என்ன விசேஷம் என்று அந்தப் பெண் விசாரித்தாள். ஞாயிறு மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். இஸ்திரி போடும் பெண்ணும் வருகிறாள்.

சேர்த்துப் போட்ட மேசையின் நடுப்பிளவில் ரொட்டித்தூள் சேர்ந்து எறும்பு வருகிறது. அதை ஒட்டவைக்கிறேன் என்று நீங்கள் கிளம்ப வேண்டாம். அகலமாக ஒரு விரிப்பு வாங்கி வருகிறேன். ரம்பத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மனைவி