கார் வரும் தேதி

அன்பு மகளுக்கு,

நீ எனக்காகப் பதிவு செய்த ஸ்போர்ட்ஸ் கார் இந்த மாதமும் வரவில்லை. மூன்றாவது முறையாகத் தேதியைத் தள்ளிவிட்டார்கள். முப்பது வருடம் அடுத்தவர் காரையே ஓட்டிய நான், இன்று ஷோரூமுக்குப் போய்க் கத்திவிட்டேன்.

விற்பனைப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள். "இன்னும் ரெண்டே மாசம் சார். அப்படி என்ன அவசரம்?"

"அதுக்குள்ள எனக்கு ரோடே தெரியாம போயிடும்மா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

கண் டாக்டர் சொன்னதை உன்னிடம் மறைத்தது தப்புதான். கோபப்படாதே. கார் வந்ததும் நீ ஓட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா போ" என்று நச்சரிக்கிறேன். நாம் கேட்ட சிவப்புதானா என்று மட்டும் பார்த்துச் சொல்.

உன்
அப்பா