ஒரே மழையில் செத்துப்போன பாட்டிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் உடம்பெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது, உன் உடம்பும் மாப்பிள்ளை உடம்பும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் இருக்கிற கோபத்தில் அவை விட்டுப்போகும். உன் அண்ணனுடைய பெரிய பெண் கட்டடப் படம் வரையும் படிப்பில் வகுப்பிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள், அவள் வரைந்த பாலத்தைக் கல்லூரி வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள், நானே போய்ப் பார்த்தேன், பக்கத்தில் நின்றவர்களிடம் என் பேத்தி வரைந்தது என்று அவர்கள் கேட்காமலேயே சொன்னேன். அவன் பையன் நீச்சல் போட்டியில் மூன்றாவது, முதல் இரண்டு பேரும் அவனைவிட ஒரு முழம் உயரம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள். கடைக்குட்டி செருப்பை இடது வலது மாற்றாமல் போடக் கற்றுக்கொண்டான், அதுவும் வெற்றிதான், உன் அண்ணனுக்கு அது வர எத்தனை நாளாயிற்று என்று எனக்குத்தான் தெரியும். உன் மகள், என்னிடம் வளர்கிற நம் பட்டாணி, பள்ளிக்கூடப் பரீட்சையில் கணக்கில் ஒரு மார்க்குகூட விடவில்லை. இந்தக் குடும்பத்தில் மக்கு என்று ஒரு பிள்ளை பிறந்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மீதியை நீ படிக்க வேண்டும்.

நேற்று உன் அண்ணன் ஆபீஸ் விட்டு நேராக இங்கே வந்தான், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, நீ அவனுக்குப் போன் பண்ணினதாகச் சொன்னான். கீழே எலெக்ட்ரிக் கடைக்குப் பண்ணினால் என்னைக் கூப்பிட்டு விடுவார்கள், இத்தனை காலமும் அப்படித்தான் பேசினாய், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அண்ணன் வழியாகத் தூது. அம்மாவுக்கு என்னண்ணா தெரியும், அவங்க அஞ்சாங்கிளாஸ், நீ போய் பட்டாணியைத் திரும்ப டியூஷன்ல விட்டுட்டு வா என்று சொன்னாயாமே. அவன் பூசி மெழுகித்தான் சொன்னான், பெற்றவளுக்கு மெழுகுக்கு அடியில் இருப்பது தெரியாதா. ஆமாம் தாயே, ஐந்தாம் வகுப்புதான். அந்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டுதான் உனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன், உன் அப்பாவுக்குப் பென்ஷன் நின்றபோது மனு எழுதினேன், இதோ இந்தக் கடிதத்தையும் யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் எழுதுகிறேன். பரீட்சை நெருங்குகிற நேரத்தில் அம்மா ஏன் டியூஷனை நிறுத்தினாள் என்று நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

நீ பட்டாணியைச் சேர்க்க ஆசைப்படுகிற அந்த உயர்நிலைப் பள்ளி சும்மா கிடைக்கிற இடமில்லை என்று எனக்கும் தெரியும், அத்தனை பிள்ளைகள் எழுதி ஒரு கைப்பிடிப் பேரைச் சலித்து எடுக்கிற பரீட்சை, கணக்கு ஒரு தாள், மொழி ஒரு தாள், மொழித் தாளில் கட்டுரைக்குத்தான் பாதி மார்க். நீ சொன்ன டியூஷனில்தான் சேர்த்தேன். பேக்கரிக்கு மேலே மாடி, பிளைவுட் தடுப்பு, பிள்ளைகள் ஒருவர் முழங்கை ஒருவர் விலாவில் இடிக்க உட்கார்ந்து எழுத வேண்டும், கீழேயிருந்து ரொட்டி வாசனை வேறு வந்து பசியைக் கிளப்பும். மாஸ்டர் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும், அதனால் பிள்ளைகள் அவருக்கு டிக்டிக் என்று பெயர் வைத்திருக்கின்றன. கணக்கு நன்றாகவே சொல்லித் தருகிறார், அதில் நான் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஒரு நாள் காலையில் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறேன், உள்ளே பட்டாணி குறுக்கும் நெடுக்கும் நடந்து எதையோ உருப்போடுகிறாள். அன்று வானம் கண்ணீர் வடித்தது, எழுத்தறிவற்ற என் ஏழைப் பாட்டி கிழிந்த போர்வைக்குள் நடுங்கினாள், படி கண்ணே படி என்று என் கையைப் பற்றிச் சொன்னாள், அவள் கண்கள் மூடின. பிழிந்த துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டில் கிழிந்த போர்வையை நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா? சாகடித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், எழுத்தறிவற்றவளாம்! யாருடி இந்தப் பாட்டி என்று கேட்டேன். நீதான் பாட்டி, சும்மா மார்க்குக்கு என்றாள், நடையை நிறுத்தாமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

உன் அப்பா பேப்பரைக் கீழே இறக்காமலே, ஏன், தாத்தா செத்தா மார்க் குடுக்க மாட்டாங்களா, என்னைய ஏன் விட்டுட்டாங்க என்று கேட்டார். உங்களைக் கொன்னா யாரு அழப்போறா, மவுசு இருக்கிறவளைத்தானே கொல்லுவாங்க என்று சொல்லிவிட்டு அன்று மாலையே மாடி ஏறினேன். மாஸ்டர் மரியாதையாகத்தான் நாற்காலி போட்டார். பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க, எந்தத் தலைப்பு வந்தாலும் இது பொருந்தும், அதுதான் இதோட அழகு என்று விரல் விட்டுச் சொன்னார். மறக்க முடியாத நாள் என்று வந்தால் பாட்டி செத்த நாள். என் லட்சியம் என்று வந்தால் பாட்டிக்கு வைத்தியம் பார்க்க ஆளில்லை, ஆகவே நான் டாக்டராவேன். தண்ணீரின் அருமை என்றால் பாட்டி கடைசியாகக் கேட்டது ஒரு வாய்த் தண்ணீர். மரம் வளர்ப்போம் என்றால் பாட்டி போய்விட்டாள், அவள் நட்ட மரம் நிற்கிறது. விளையாட்டின் பயன் என்று வந்தால் என்ன பண்ணுவீங்க மாஸ்டர் என்று மடக்கினேன். மனிதர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, சின்ன வயசுல பாட்டி ஓடியாடி விளையாடலை, அதான் உடம்பு வீக்காகிப் போச்சு என்றார். மார்க் வருதா இல்லையா, அதைப் பாருங்க பெரியம்மா என்று முடித்துவிட்டார். எழுந்து வந்துவிட்டேன். பேத்திக்கு இடம் கிடைக்கும் என்றால் நான் நாலு தரம் செத்துவிட்டுப் போகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் பிள்ளை மாறிக்கொண்டே வந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். முன்பெல்லாம் ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தால் போதும், நம் கட்டடத்து லிஃப்ட் நடு மாடியில் நின்று மூச்சு வாங்குகிறது, அதற்கு வயதாகிவிட்டது, மாத்திரை கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிக் கதவிடுக்கில் செருகி வைப்பாள். அந்த வாய் அடைத்துப்போயிற்று. இரண்டு மாதம் முன்னால் அவள் உனக்கு எழுதின கடிதம் எப்படி ஆரம்பித்தது என்று எடுத்துப் பார். அன்று வானம் இருண்டிருந்தது. அன்று நல்ல வெயிலடி! நீயோ கடைக்குப் போன் பண்ணி, எவ்ளோ அழகா எழுதறாம்மா, பெரிய ஆளு மாதிரி எழுதறா என்று உருகினாய்.

போன மாதம் அந்தப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டீச்சரை மாஸ்டரே அழைத்து மாதிரிப் பரீட்சை வைத்தார். அந்த அம்மாள் கொடுத்த தலைப்பு, எங்கள் வீட்டு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே மழை, ஜன்னலுக்கு உள்ளே பாட்டி, பெஞ்சு பெஞ்சாகக் கொன்று தள்ளிவிட்டார்கள். பரீட்சை முடிந்து வீட்டுக்காரர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அந்த டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏங்க, அன்னிக்குப் பெஞ்ச மழையில இந்த ஊர்ல ஒரு பாட்டிகூடவா தப்பிக்கலை என்று கேட்டார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்திருந்த பாட்டிகள், செத்துப்போனவர்கள் எல்லோரும், வரிசையாக அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி சிரிக்க ஆரம்பித்தாள், அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. டீச்சர் சிரிக்கவில்லை. கட்டுரைக்கு எல்லோருக்கும் பூஜ்யம் போட்டிருந்தார், நிஜப் பரீட்சையிலும் இதேதான் விழும், இவங்களுக்குச் சொந்தமா ஒரு ஜன்னல்கூடவா இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சரி, மாஸ்டருக்கு இனி புத்தி வரும் என்று நான் நிம்மதியாக வீடு வந்தேன். புத்தி வந்தது, எப்படிப்பட்ட புத்தி என்று கேள். எல்லாரும் பாட்டியைக் கொன்றதால்தானே மாட்டிக்கொண்டோம், ஆளை மாற்றினால் போயிற்று என்று மறுநாளே பங்கு பிரித்துவிட்டார். முதல் பெஞ்சுக்குத் தாத்தா, அடுத்த பெஞ்சுக்கு மாமா, அதற்கடுத்ததுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். மழையில் மாற்றமில்லை, போர்வையில் மாற்றமில்லை. பட்டாணி பையைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள், எனக்கு அம்மா குடுத்திருக்காங்க பாட்டி.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. உங்கம்மா வெளியூர்லதானே இருக்காங்க, உனக்கு ஃபீலிங் நல்லா வரும், நீ அம்மாவை எடுத்துக்கோ என்று சொல்லிக் கொடுத்தாராம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து அவள் உருப்போட ஆரம்பித்தாள், என் அம்மா கிழிந்த போர்வைக்குள் நடுங்கினாள், என் அம்மாவின் கை குளிர்ந்தது. வாய்ப்பாடு சொல்கிற அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லை, முகத்தில் ஒரு அசைவு இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு மனம் ஆறியிருக்கும், அழாமல் சொன்னாள். அந்தத் தாளை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தலைகூட வாரவில்லை, அடுத்த செட் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிற நேரத்திலேயே மாடிக்குப் போனேன். என்னைய எத்தனை தடவை வேணும்னாலும் கொல்லுங்க மாஸ்டர், கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன், என் மகளைத் தொட்டீங்க, இனிமே என் பேத்தி இந்தப் படி ஏற மாட்டா என்று பிள்ளைகள் எல்லோரும் கேட்கச் சொன்னேன். பெரியம்மா, கிளாஸ் டைம் போகுது என்று அவர் ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டினார். ஓடட்டும், என் மகளுக்கு ஆயுசு அதைவிட நீளமா ஓடும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இதுதான் நடந்தது. உன் அண்ணன், அது வெறும் கட்டுரைதானேம்மா, நிஜத்துலயா சொல்றாங்க என்று எனக்கே பாடம் எடுக்கிறான். அவனைக் கொல்லச் சொல்லியிருந்தால் அவன் பெண்டாட்டி அந்த மாடியையே இறக்கியிருப்பாள். நீயும் வெறும் கட்டுரைதானே என்று எழுதிவிடாதே, என்னால் அதைப் படிக்க முடியாது. டியூஷன் இல்லாமல் அவளுக்கு இடம் கிடைக்காமல் போனால் ஊரே என்னைத்தான் கை காட்டும், நீயும் காட்டுவாய், காட்டு. அந்தப் பயம் எனக்கு இல்லையென்று நினைக்காதே. ஆனால் உன்னைச் சாகடித்துத்தான் அவள் அந்த வாசலுக்குள் நுழைய வேண்டும் என்றால் அந்த வாசல் எனக்கு வேண்டாம்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றும் நினைக்காதே. கணக்கைப் பாலம் வரைந்தவள் சாயங்காலம் வந்து சொல்லிக் கொடுக்கிறாள், டிக்டிக்குக்கு ஒன்றும் குறைந்தவளில்லை. கட்டுரைக்கு நானும் உன் அப்பாவும் எதிரில் உட்கார்ந்துகொள்கிறோம். மழை கூடாது, யாரும் சாகக் கூடாது, மற்றபடி உன் இஷ்டம் என்று சொன்னேன். முதலில் பேனா ஓடவே இல்லை, அன்று என்று எழுதுவாள், அடிப்பாள், மறுபடி அன்று என்று எழுதுவாள். டியூஷன் நின்றுபோனதற்கு நீ அவளைத் திட்டுவாயோ என்று வேறு அவளுக்குக் கவலை, அம்மாவுக்கு என்மேல கோபமா பாட்டி என்று கேட்டாள், பதில் நீயே சொல்லிக்கொள். முந்தாநாள் என் அம்மா என்று தலைப்புப் போட்டு, கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். முதல் வரி, என் அம்மா உயிரோடு இருக்கிறார். உன் அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் இறக்கவே இல்லை. அடுத்த வரி, அவர் மாத்திரைகளை எண்ணிப் பெட்டியில் அடைக்கிறார், அவர் எண்ணிக்கை தப்பினால் ஒருவருக்குக் காய்ச்சல் குறையாது. இதை எந்த மாஸ்டர் சொல்லிக் கொடுப்பான்? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மூன்றாவது வரியில் நின்றுவிட்டாள். பாட்டி, அம்மா இப்ப முடியை வெட்டிக்கிட்டாங்களா, கண்ணாடி போடறாங்களா, குண்டாயிட்டாங்களா என்று கேட்டாள். பெட்டியிலிருந்து உன் படத்தை எடுத்துப் பார்த்தேன். நீ போன பிறகு வந்தது ஒரே படம், அதிலும் கம்பெனித் தொப்பியும் முகமூடியும், கண் மட்டும்தான் தெரிகிறது, அந்தக் கண்ணும் கூச்சத்தில் பாதி மூடியிருக்கிறது. பெற்றவளாகிய எனக்கே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்றாவது வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது, நீண்ட ஆயுசோடு இருப்பீர்கள், நான் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றபடி வேலை பார்க்கிறவள் ராத்திரியில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படு. கோபம் இருந்தால் அண்ணனிடம் சொல்லாதே, என்னிடம் நேரே சொல், நானும் நேரே திருப்பித் தருகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே, தொப்பி இல்லாமல், முகமூடி இல்லாமல், முடி எவ்வளவு நீளம் என்று தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒன்று, நேரே பார்த்து ஒன்று, புதிதாகப் படம் எடுத்துத் தபாலில் போடு. ஸ்டூடியோவில் கன்னத்தில் கை வைக்கச் சொன்னால் வைக்காதே, நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே நில். பரீட்சைக்கு முன்னால் அது இங்கே வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா