கோட்டில் சேராத புள்ளி

செவ்வாய், இரவு

பொருளாதாரம் சொல்வது உண்மையா என்று புள்ளிவிவரத்தை வைத்துச் சோதிப்பதுதான் பொருளாதார அளவையியல் என்று டீச்சர் நடத்தினார். மழை கூடினால் விளைச்சலும் கூடுமா? எங்கள் மிளகாய்க் காட்டை வைத்தே வரைபடம் போட்டேன். வருடத்துக்கு ஒரு புள்ளி. எல்லாம் கோட்டை ஒட்டியே நின்றன. ஒன்று மட்டும், நல்ல மழை இருந்தும், அடியில் கிடந்தது. களையெடுக்கும் சமயத்தில் என்னைப் பெற்ற அய்யா இறந்துபோன வருடம் அது.

"இந்த ஒண்ணு கோட்டையே கெடுக்குதும்மா. எடுத்துட்டு நாளைக்குக் கொண்டு வா" என்றார் டீச்சர். காரணத்தைச் சொல்லாமலே தாளை மடித்து எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா எட்டிப் பார்த்தாள். "அதென்னடி, ஒண்ணு மட்டும் அங்கன தனியாக் கெடக்கு?"

"அய்யா போன வருசம்மா."

அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள். "அந்த வருசம் மழ நல்லாத்தான் பேஞ்சுச்சு" என்றாள். பிறகு, "கோட்ட அதுவரைக்கும் இழுக்க முடியாதாடி?"

முடியாது என்றேன். ஆனால் அந்தப் புள்ளியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், கோடு அதன் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. கொஞ்சம்தான். அதைத்தான் நாளை கொண்டுபோவேன். டீச்சர் ஏன் என்று கேட்டால்...

வெளியே மழை பிடித்துவிட்டது. அம்மா இன்னும் தூங்கவில்லை.