ஒன்பது மீன், ஒரு அழுக்கு ஸ்பாஞ்ச்

ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கரமனையில் பஸ் நின்றது நின்றபடி. ஆபீசுக்குத் தாமதம், முறைப்பு.

சாயங்காலம் காலி மீன்தொட்டியைத் துடைத்துப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். குளோரின் போக்கும் மருந்தும் விட்டாச்சு. போன தடவை அதுகூட யாரும் விடவில்லை. இந்த ஃப்ளாட்டில் பால் காய்ச்சிய அன்று காலையில்தான் தொட்டி வந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்து, அதே முகூர்த்தத்தில் ஒன்பது வாஸ்து மீன். எட்டு தங்க நிறம், ஒன்று கறுப்பு. ஒரு வாரத்துக்குள் ஒன்பதும் மிதந்தது. கறுப்பு மீன் வீட்டு தோஷத்தை வாங்கிக்கொண்டு முதலில் போக வேண்டுமாம். அது கடைசியாகப் போயிற்று.

மகேஷின் பெரியம்மா காரணம் கண்டுபிடித்துவிட்டாள். மகேஷைக் கல்யாணம் பண்ணி அப்போதுதான் வந்திருந்த நான். “புதுசா வந்தவளோட வேளையாக்கும். பின்னே என்ன?” ஹாலில், எல்லார் முன்னாலும். மகேஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமியார் (இனி மா.) வாயையே திறக்கவில்லை. பெரியம்மா சொன்னதைவிட, மா. சும்மா இருந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

13-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குப் புது நாள் குறித்திருக்கிறாள் பெரியம்மா. மறுபடி ஒன்பது. இந்தத் தடவை ஒன்றுகூடச் சாகக் கூடாது. விடமாட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

படித்ததன் சுருக்கம். மீன் கழிவு அம்மோனியா ஆகும், விஷம். ஒரு பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். இன்னொன்று அதையும் தின்று, அவ்வளவாகத் தொந்தரவில்லாத நைட்ரேட் ஆக்கும். இரண்டும் குடியேறும்வரை மீன் விடக் கூடாது. தானாகக் குடியேற ஒரு மாதத்துக்கு மேல். அவ்வளவு நாளுக்கு எங்கே போவேன்?

சாலைக் கடைத்தெரு வளர்ப்பு மீன் கடைக்காரர்: “பாக்டீரியாவுக்குத் தீனி வேணும் மோளே. ஒரு செம்மீன் வாங்கி உள்ளே இட்டா மதி, அழுகிக்கும்.”

இறாலா! இந்தச் சைவ வீட்டிலா! அன்றைக்கே என்னை நாகர்கோவில் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். பாட்டில் அம்மோனியாவே வாங்கிக்கொண்டேன். கூடவே சோதனை கிட், ஹீட்டர், ஏர் பம்ப். சூடும் காற்றும் இருந்தால் சீக்கிரம் பெருகுமாம்.

மகேஷ்: “இவ்ளோ எதுக்கு? மீன்தானே?”

மீன் இல்லையப்பா. நான்.

ஜூன் 4, புதன்

பக்கத்து மேஜை ஷீஜா வீட்டில் பழைய தொட்டி, கொழுத்த மீன்கள். அவள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி, அந்தத் தண்ணீரோடு டிபன் டப்பாவில் கொண்டுவந்தாள். கறுப்பு, வழவழ, நாற்றம். “எடீ, கழுகருது கேட்டோ! அழுக்கல்ல, ஜீவனாக்கும்.” கழுவவே கழுவாதே என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து அம்மாள் எழுந்து போனாள். போகட்டும்.

நம் ஃபில்டரில் வைத்து, தொட்டியில் அம்மோனியாவும் சொட்டுவிட்டாயிற்று. நிம்மதி.

ஜூன் 5, வியாழன்

ஐயோ.

ஆபீசிலிருந்து வந்தால் பால்கனிக் கொடியில் ஸ்பாஞ்ச், கிளிப் போட்டு. மா. முகத்தில் பெருமை. “என்ன நாத்தம்டீ அது! பாத்திர சோப்பு போட்டுக் கசக்கி வெச்சிருக்கேன். பளிச்னு ஆயிடுத்து பாரு.”

கத்திவிட்டேன். இந்த வீட்டில் முதல் தடவை. “எல்லாத்தையும் கொன்னுட்டேளே அம்மா!” என்று. அவள் ஸ்பாஞ்சைக் கொடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். ராத்திரி ரசம் பரிமாறும்போது முகம் பார்க்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் மனசு வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஷீஜாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மீதிப் பாதியில் பாதி தருகிறாள். சாயங்காலம் அவள் வீட்டுக்கே போய் வாங்கி வந்தேன். கூட அவள் தொட்டிக் கூழாங்கல்லும் கொஞ்சம், அதிலும் பாக்டீரியா இருக்குமாம். நனைந்து தும்மல்.

மா.விடம் நேரே போய்: “அம்மா, இதைத் தொடாதீங்கோ. இதுல இருக்கிற உயிர்தான் தண்ணியைச் சுத்தம் பண்ணும்.” தலையாட்டினாள்.

ஜூன் 9, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். துணி காய்ந்தது.

சோதனை கிட்டில் அம்மோனியா பச்சை, ஆனால் நேற்றைவிட வெளுப்பு. குறைகிறது! நைட்ரைட் நல்ல ஊதா.

மா. பக்கத்தில் வந்து நின்றாள். “என்ன கலர் வரணும்?” அம்மோனியாவுக்கு மஞ்சள், நைட்ரைட்டுக்கு நீலம் என்றேன். சோதனைக் குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “அப்போ அன்னிக்கு நாம பிடிச்ச தண்ணி…” என்று ஆரம்பித்து, அடுப்பில் கடுகு வெடிக்கிறது என்று போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

அம்மோனியா மஞ்சள்!! மகேஷை எழுப்பிக் காட்டினேன். “ம்” என்றான். அவனுக்குக் காபி கிடையாது.

நைட்ரைட் இன்னும் ஊதா. நகர்வேனா என்கிறது.

ஜூன் 12, வியாழன்

ஊதா. நாளைக்கு ஆகாது. நீலம் வந்துவிட்டது என்று சொல்லி மீனை விட்டால் யாருக்குத் தெரியும்? அதுகள் செத்தால் எனக்குத் தெரியும். பழியும் என் மேல்தான். முடியாது என்று சொல்லிவிடுவதுதான் சரி. சொல்லத்தான் போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

லீவு. காலைச் சோதனை ஊதா.

ராகுகாலத்துக்கு முன்பே பெரியம்மா வந்தாள். பட்டுப்புடவை, கையில் பிளாஸ்டிக் பை, உள்ளே ஒன்பது மீன்.

“இன்னிக்கு விட முடியாது பெரியம்மா. தண்ணி இன்னும் தயாராகலை.”

“நல்ல நேரம் போயிடும்டீ. ஏற்கெனவே உன் வேளை…”

மா. அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சோதனைக் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“ஊதாவாக்கும், அக்கா. நீலம் வரணும். அன்னிக்கும் தண்ணி தயாராகலை. நாமதான் ஒன்பதையும் விஷத்துல விட்டுக் கொன்னோம். இவ வேளை ஒண்ணும் பண்ணலை. அன்னிக்கே சொல்லிருக்கணும், நான் சொல்லலை.”

“நீயுமா?”

“ஆமா, நானும். பையைக் கடைலயே திருப்பிக் கொடுத்துடுங்கோ. போற வழிதானே.”

பெரியம்மா காபிகூடக் குடிக்காமல் போனாள். நான் பாத்ரூமுக்குள் போய் நன்றாக அழுதேன்.

சாயங்காலமும் ஊதாதான். நைட்ரைட் குறையப் பாதித் தண்ணீர் மாற்ற வேண்டும். இதை எழுதும்போதே மா. வாசலில் பக்கெட்டோடு நிற்கிறாள். “வரியா, இல்லே நானே ஊத்தட்டுமா? குளோரின் மருந்து எத்தனை சொட்டுடீ?”